ஆமைக்குத் தாத்தாவின் பெயர்

அப்பா தான் கண்டெடுத்த ஆமைக்குத் தாத்தாவின் பெயரை அறிவியல் பெயராக வைத்தார். அது வேறு பெயரில் ஏற்கெனவே ஏற்றுமதிக்குத் தடையுள்ள பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இனம்தான் என்றது அறிவியல் பெயர்களை முடிவுசெய்யும் குழு. ஆமை ஆய்வாளனாக ஓடுகளை அளந்த எனக்கும் அது தெரியும். ஆனாலும் வாதாடித் அதைத் தாத்தா பெயரில் தனி இனமாகவே நிலைநிறுத்தினேன்.

நேற்று சுங்க அதிகாரி மரியதாஸ் என்னை விமானச் சரக்குக் கிடங்குக்கு அழைத்தார். வெளிநாட்டுக்குப் போகவிருந்த நாற்பது ஆமைப் பெட்டிகளிலும் தாத்தாவின் பெயர்.

“இந்தப் பேரு பட்டியல்ல இல்லீங்க ஐயா. ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, சரக்கை நிறுத்திடறேன்.”

“எங்கப்பா செஞ்சது தப்புன்னு எழுதணுமா?”

“ஆமைக்கு உங்க தாத்தாவைத் தெரியாதுங்களே ஐயா.”

பேனாவைத் திறந்து தேதியை எழுதினேன். பெட்டிக்குள் நகங்கள் அட்டையைச் சுரண்டின. அதற்கு மேல் கை ஓடவில்லை. பெட்டிகளை விமானத்துக்குக் கொண்டுபோகச் சரக்கு வண்டி வந்து நின்றது.