மைனஸ் மூன்று

ஒரு கம்ப்யூட்டருக்குள் காற்றின் கணக்கைப் போடும் புரோகிராம் ஒன்று இருந்தது. எந்த வாயு எப்போது எவ்வளவு மிஞ்சும் என்று சொல்வது அதன் வேலை. அந்தக் கணக்கில் மீத்தேனுக்கு ஆயுள் பத்து வருஷம். மீத்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் ஹைட்ராக்சிலுக்கோ ஒரே விநாடி.

"இவனுக்காகக் கணக்கு அரை அரை விநாடியாகவா நகர்வது? பத்து வருஷம் எப்போது முடிவது?" என்று மீத்தேன் சலித்துக்கொண்டது.

புரோகிராமும் சரியென்று ஒரு மணி நேரத்தை ஒரே எட்டில் தாண்டியது. ஹைட்ராக்சிலின் அளவு மைனஸ் மூன்று என்று வந்தது.

ஹைட்ராக்சில் கொதித்துப்போனது.

"இல்லாததைவிட மூன்று குறைவாக எவனாவது இருப்பானா? ஒரு விநாடிச் சாவை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினாயே, நடுவில் நான் மறுபடி மறுபடி பிறந்ததைப் பார்த்தாயா? பிறப்பும் சாவும் சமமாகும் இடத்தில்தான் நான் எப்போதும் நிற்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் அந்த அளவை ஒரே வரியில் சொல்லியிருப்பேனே! எவ்வளவு பெரிய எட்டு வேண்டுமானாலும் வைத்திருக்கலாமே!"

"கத்தாதே, சரிசெய்துவிட்டேன்" என்ற புரோகிராம், மைனஸ் மூன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதியது. அதன்பின் ஒவ்வொரு எட்டிலும் அதையே எழுதியது. பூஜ்யத்தின் கூச்சல் யார் காதில் விழும்?

பத்து வருஷக் கணக்கு பத்தே நிமிஷத்தில் முடிந்தது. மீத்தேன் இம்மியும் குறையவில்லை.

"என்ன வேகம்! என்ன துல்லியம்!" என்று முதலில் கைதட்டியதும் அதுதான்.