கவுதாரிகளை விட்ட காலை

அரசுக் கவுதாரிப் பண்ணைக்கு இந்த வருடம் நிதி இல்லை என்று முடிவானதும், இருக்கிற குஞ்சுகளை உடனே காட்டில் விட்டுவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. பண்ணையின் கால்நடை டாக்டர் மரியபுஷ்பம் கெஞ்சிப் பார்த்தாள்.

"சார், அதுங்களுக்கு இன்னும் சரியாப் பறக்கவே வரல. ஒரு மாசம் பொறுத்துக்குங்க."

"தீவனம் எங்கருந்தும்மா வரும்? விட்டுட்டு எனக்குச் சொல்லுங்க."

மறுநாள் காலை அவளும் பண்ணைக் காவலர் பூலுடையாரும் கூண்டுகளை ஓடைக்கரைப் புதர்க்காட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். முட்டையிலிருந்து வந்த நாள்முதல் அவள் கையில் தின்று வளர்ந்த குஞ்சுகள். வெளியே வந்தவை எங்கும் போகாமல் அவள் காலைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தன. உடைமரங்களுக்கு அப்பால் யாரோ நாயை ஏவும் குரல் கேட்டது.

"வேட்டைக்காரனுவ மேடம்," என்றார் பூலுடையார். "மனுசனக் கண்டா ஓடணும்னு இதுகளுக்குத் தெரியாதே. அவன் காலுக்கிட்டயும் போயி இப்படித்தான் நிக்கும்."

மரியபுஷ்பம் கையைத் தட்டினாள், கத்தினாள். குஞ்சுகள் இன்னும் நெருங்கி வந்தன. குனிந்து ஒரு பிடி சரளையை அள்ளி அவற்றின் மேல் எறிந்தாள். தீவனம் என்று நினைத்து, சிதறிய கற்களை ஓடி ஓடிக் கொத்தின.

நாய் ஓடைக்குள் இறங்கிவிட்டது. மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கு அடங்காத ஒரு கல்லைத் தேடி எடுத்தாள். முன்னால் நின்ற குஞ்சைக் குறிபார்த்தாள்.