செவெரினோவின் கல்

"டீ ஆறிப்போச்சு தம்பி. வேற கொண்டா!"

கூடாரத்துக்குள் படுத்தபடியே கோப்பையை வெளியே நீட்டினார் செவெரினோ. எர்னான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினான். விடியலில் கூடாரம் கூடாரமாகப் போய், மலைக் களைப்பைப் போக்கும் கோகா இலை டீயும் முகம் கழுவ வெந்நீரும் கொடுப்பது சுமைக்காரன் வேலை. ஆண்டிஸ் மலைக் குளிரில் டீ ஆறாமல் என்ன செய்யும்?

"நேத்து சூப்புல உப்பே இல்ல," என்று அடுத்த கூடாரத்திலிருந்து பஸ்குவாலா குரல் கொடுத்தாள். "உருளைக்கிழங்கும் பாதி வேகல. ஆனா பரவால்ல. உக்காந்த இடத்துக்கு ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தா, பச்சைக் கிழங்குகூட ருசிதான்!"

எல்லாக் கூடாரத்திலும் சிரிப்பு.

இந்த வருஷ விருந்தாளிகள் ஒரு தினுசு. மழைக்காலத்தில், வேறு எந்தக் கூட்டமும் மலையேறாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். புது பூட்ஸ் கடிக்கிறது என்று பாதிப் பேர் செருப்பில் நடந்தார்கள். செங்குத்தான மேட்டிலும் மூச்சு வாங்காமல் பாட்டு வேறு. செவெரினோ இருட்டிலேயே எழுந்து கூடாரத்தைச் சுருட்டப் போய், வழிகாட்டி நில்டாவிடம் திட்டு வாங்கினார்.

"அண்ணே, கையக் கட்டிக்கிட்டுப் படுங்க. நீங்க விருந்தாளி!"

எர்னானுக்கு அதெல்லாம் கவலையில்லை. அவன் கவலை பந்தயம். நேற்று அடிவாரத்தில் எல்லோர் முன்னாலும் வாயை விட்டிருந்தான்.

"இதெல்லாம் ஒரு சுமையா? இதத் தூக்க ஆள் வேற வேணுமா?"

செவெரினோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்படியா? கணவாய் உச்சியில இருக்கிற கல்குவியல் வரைக்கும் மூட்டைய எறக்காம வந்து காட்டு. வந்துட்டா, அப்புறம் என் வாயிலிருந்து ஒரு குறை வராது. எறக்கிட்டா, நான் கேக்குற ஒண்ண நீ குடுக்கணும்."

"என்ன கேப்பீங்க?"

"அத அப்போ கேக்குறேன்."

இப்போது பந்தயத்துக்கு நேரம் வந்துவிட்டது. எர்னான் மூட்டையின் வாயைக் கட்டப்போனான். பஸ்குவாலா ஓடிவந்து ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஈரத் துண்டு எல்லாவற்றையும் உள்ளே திணித்தாள்.

"கண்ணாடி எதுக்கும்மா மலைமேல?"

"வர்ற விருந்தாளி எல்லாரும் கொண்டு வரலையா? எனக்கு மட்டும் மூஞ்சி இல்லையா?"

பின்னாலேயே செவெரினோ பரங்கிக்காய் அளவில் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். கீழேயிருந்து ஒரு கல்லைச் சுமந்துபோய்க் கணவாய்க் கல்குவியலில் வைத்தால் களைப்பை மலையே வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. மலைக்காரர்கள் யாரும் அந்த வழக்கத்தை விடமாட்டார்கள்.

"ஐயா, அவங்கவங்க கல்ல அவங்கவங்கதான் சுமக்கணும்."

"நான் விருந்தாளி தம்பி. என் களைப்பையும் நீதான் சுமக்கணும்."

கல் உள்ளே போனது. எர்னான் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

முதல் மேட்டில் வார் தோளை அறுத்தது. இரண்டாவது மேட்டில் தூறல் பிடித்துக்கொண்டது. செவெரினோ பாக்கெட்டில் கை விட்டபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கூடவே வந்தார். பனிச்சிகரம் மேகத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இந்த மலை இவ்ளோ அழகா? தம்பி, ஒரு போட்டோ எடு. என் பொண்டாட்டிக்குக் காட்டணும்."

மூட்டையோடு நின்று போட்டோ எடுத்தான் எர்னான். சிகரம் அவன் கண்ணில் படவே இல்லை. குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் சேறும் தன் கால் கட்டைவிரலும்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தோற்றால் இவர்கள் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்குவியல் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கூப்பிடு தூரம்தான். அங்கே வந்து முழங்கால் மடங்கியது. மூட்டை தொப்பென்று சேற்றில் விழ, அதன் பக்கத்திலேயே எர்னானும் விழுந்தான்.

விருந்தாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். கேலிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் செவெரினோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பையிலிருந்து கோகா இலையை எடுத்து அவன் வாயில் வைத்தார்.

"மெதுவா மெல்லு. மூச்ச இழுத்து விடு. இப்போ சொல்லு, கனமா, இல்லையா?"

"கனம்யா! உசுரே போயிடுச்சு! போதுமா?"

சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொப்பிகள் மேலே பறந்தன. பஸ்குவாலா நில்டாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள்.

"அப்போ நான் கேக்கலாமா?" என்றார் செவெரினோ.

"கேளுங்க. தோத்தாச்சு, என்ன வேணாலும் கேளுங்க."

"மழை விட்டு வழி திறந்ததும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுமக்குற ஆள் ரெண்டு பேரு கூடப் போடணும், முதலாளி."

"போட்டாச்சு!" என்று எர்னான் படுத்தபடியே கையை உயர்த்தியதும், வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம் விருந்தாளியாக வரும் அவன் கம்பெனிச் சுமைக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். செவெரினோ கல்லை மட்டும் வெளியே எடுத்து எர்னானின் மடியில் வைத்துவிட்டு, வருஷம் பூராவும் சுமக்கிற அதே மூட்டையை ஒரே வீச்சில் முதுகில் ஏற்றிக்கொண்டு, விசிலடித்தபடி உச்சியை நோக்கி ஓடினார்.