பழுப்பு வளையம்

"போதும்டி கவி. கைத்தோல் உரிஞ்சு போச்சு பாரு. எந்திரி."

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. நீ போய் காபி குடி."

சாவித்திரி குளியலறை வாசலிலேயே நின்றாள். அவளுடைய தங்கை கவிப்ரியா அந்தப் பழைய குளியல் தொட்டிக்குள்ளேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமுடி முகத்தில் விழ, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் பாதி உயரத்தில் பழுப்பாக ஒரு வளையம் சுற்றி ஓடியது. திருச்சியிலிருந்து டெல்லி ஜனக்புரிக்கு வந்த நாளிலிருந்து சாவித்திரி பார்ப்பது இதே காட்சிதான். காலையில் கண் விழித்ததும் பிரஷ், சாப்பிட்டுக் கை கழுவியதும் பிரஷ்.

"நேத்து சாயங்காலம் பாதி போயிடுச்சுக்கா. காலையில பாத்தா மறுபடி இருக்கு" என்றாள் கவி, தலையை நிமிர்த்தாமல். "டெல்லி தண்ணி அப்படி."

"வாடகை வீட்டு பாத்டப்தானே? இருந்துட்டுப் போகட்டும்."

"பாப்பா இதுல ஒரு நாள்கூட உக்காரலைக்கா. 'சீ, கந்தா ஹை'ன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடிடுவா. அழுக்கா இருக்காம்! ஞாயித்துக்கிழமை அம்மா சுத்தம் பண்ணித் தரேன், படகு விடலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு!"

டெல்லியிலேயே பிறந்து, தமிழைவிட ஹிந்தியை வேகமாகப் பேசித் திரிந்த கவியின் மகள் ஷ்ரேயா, போன ஐப்பசியில் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குழந்தை வீடு திரும்பவில்லை. பெற்றவளிடம் போய் என்ன ஆறுதல் சொல்வது?

ஆத்திரமெல்லாம் கவியின் கணவன் ராஜவேல் மீதுதான் திரும்பியது. அவன் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவ கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

"வீட்டு ஓனர் அந்த பாத்டப்பையே பேத்தெடுத்துட்டு டைல்ஸ் போட்டுத் தரேன்னாராமே? நீங்கதான் வேணாம்னுட்டீங்களாம்?"

"இப்ப வேணாம்னு பாக்கறேன்."

"சரி, தேய்க்க ஒரு ஆளையாவது கூப்பிடலாமில்ல?"

"அவளே தேய்க்கட்டும்க்கா" என்று பக்கத்தைப் புரட்டினான் ராஜவேல்.

என்ன மனுஷன் இவன்! பிள்ளையைப் பறிகொடுத்தவள் நாளெல்லாம் தொட்டிக்குள் கிடந்து சாகிறாள், இவனுக்குச் செய்தித்தாள் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படியும் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை சாவித்திரி கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

சனிக்கிழமை காலை, கவியை டாக்டரிடம் காட்ட ராஜவேல் மெட்ரோவில் அழைத்துப் போனான். அவர்கள் படியிறங்கியதுதான் தாமதம், சாவித்திரி புடவையைத் தூக்கிச் செருகினாள். தெரிந்த ஒரே ஹிந்தி வார்த்தையான, அண்ணனைக் குறிக்கும் 'பையா'வை வைத்துக்கொண்டே கீழ்க் கடையில் வினிகர் பாட்டில்களைக் கைகாட்டி வாங்கி வந்தாள். பழைய செய்தித்தாள்களை அதில் நனைத்து வளையத்தின் மேல் சுற்றிலும் ஒட்டினாள். நன்றாக ஊறியதும் உரித்தெடுத்துக் கழுவிவிட்டு, சோடா உப்பைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தாள்.

திருச்சியில் அவள் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் முகம் பார்க்கலாம். இந்தத் தொட்டி எம்மாத்திரம்? தேய்க்கத் தேய்க்க வெள்ளை வந்தது. கூடவே அழுகையும் வந்தது. படகு விட வேண்டியவள் இல்லையே! ஆனாலும் தங்கைக்கு இந்த அவஸ்தையிலிருந்தாவது விடுதலை கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

மதியம் அவர்கள் திரும்பி வந்ததும், கவியின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருடி!"

தொட்டி வெள்ளைவெளேரென்று இருந்தது. கவி குனிந்து, வளையம் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"போயிடுச்சு" என்றாள்.

"போயே போயிடுச்சு! இனிமே நீ இதைத் தொடவே வேணாம்."

"சரிக்கா."

கவி படுக்கையறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாவித்திரி போர்வையை இழுத்துவிட்டாள். பகலில் தங்கை படுத்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அப்பாடா என்று இருந்தது.

வெளியே வந்தபோது, ராஜவேல் குளியலறைத் தரையில், ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, ஈரத்துல உக்காந்துட்டீங்க? நீங்க செய்யாததை நான் செஞ்சுட்டேன்னு கோவமா?"

"பாப்பா போனதுலேருந்து பொங்கல் வரைக்கும் இப்படித்தான்க்கா, சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தா. சோறு ஊட்டினா துப்பிடுவா. ஊருக்குத் தெரிய வேணாம்னு உங்ககிட்டகூட மறைச்சேன். இந்தக் கறையைத் தேய்க்கணும்னுதான் முதல் தடவையா எந்திரிச்சு வந்தா" என்றான் ராஜவேல்.

சாவித்திரி படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது முழுசாப் போயிடக் கூடாதுன்னு, தினமும் அவ தூங்கினதும் துருப்பிடிச்ச ஆணியை ஊறப்போட்ட தண்ணியை இதுல பாதி வரைக்கும் ரொப்பி வச்சு, அவ எந்திரிக்கறதுக்குள்ள திறந்து விட்டுக்கிட்டிருந்தவன் நான்தான். முழுசாப் போனதை இன்னைக்கு அவளே பாத்துட்டா. நாளைக்கு அவ எதுக்குக்கா எந்திரிப்பா?"