இரண்டு போட்டால் மூன்று

வேலை செய்யும் வெள்ளைக்கார எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் இஸ்திரி போடும்போது ஆவி மூக்குக்கண்ணாடியை மறைத்ததால், 1993 கோடையில் துஷாந்தி கண்ணுக்குள் போடும் லென்சுக்கு மாறினாள். காலையில் இரண்டு போட்டாள். மாலையில் மூன்று கழற்றினாள். ஒரு கிழமையாக இதேதான்.

"நீர் ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டிருப்பீர்," என்றான் கணவன் பிரணவன்.

"எனக்கு ரெண்டு வரை எண்ணத் தெரியாதோ? சிவந்த கண்ணோட தன்ர பிள்ளையைத் தொட வேண்டாமெண்டு சிஞ்ஞோரா சொல்லிப்போட்டா. வேலை போகப்போகுதப்பா."

பழைய லென்ஸ் ஏதும் கண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்குமோ என்று கேட்டவளுக்கு, அல்பெர்கேரியாப் பகுதிக் கண்ணாடிக்கடைக்காரர் படம் வரைந்து விளக்கினார்: இமையின் உட்தோல் மடிந்து விழியோடு ஒட்டியிருப்பதால், கண்ணுக்குப் பின்னால் லென்ஸ் போக வழியே இல்லை. மூன்றாவதற்கு அவரிடம் படமில்லை.

எரிச்சலில் அவள் லென்ஸ் எல்லாவற்றையும் குப்பையில் எறிந்துவிட்டுப் பழைய கண்ணாடியை மாட்டினாள். கண் தெளிந்தது. திங்கட்கிழமை சிஞ்ஞோரா சிரித்தபடி குழந்தையைக் கையில் கொடுத்தாள்.

குழந்தை கண்ணைக் கசக்கியது. அதன் கன்னத்தில் ஈரமான லென்ஸ் ஒன்று ஒட்டியிருந்தது.