முப்பத்திரண்டு தப்புகள்

"நாளைக்கு ஒரு நாள் பிரதீஷை அனுப்பினாப் போறும். மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்," என்றாள் மாதுரி, மூன்றாம் முறையாக.

பிரதீஷின் அப்பா பாலையா கோர்ப்பரேஷனில் முப்பது வருஷம் தெருக் கூட்டியவர். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி கதவோரம் நின்றார்.

களமசேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மட்டாஞ்சேரிச் சந்துகளில் நாலு பேரிடம் வழி கேட்டு வந்திருந்தாள் மாதுரி. வெறுங்கையோடு திரும்பினால் முதலாளி கல்யாணராமன் முகத்தில் விழிக்க முடியாது.

அவர்கள் கம்பெனி மூன்று வருஷம் பாடுபட்டு உருவாக்கிய மென்பொருளுக்குக் 'கோலம்' என்று பெயர். லிஃப்ட், பம்ப்செட், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்னச் சிப் இருக்கிறதே, அதற்கு வரி வரியாகப் புரோகிராம் எழுதி இன்ஜினீயர்கள் முதுகு ஒடிய வேண்டாம். மெஷின் எப்படி நடக்க வேண்டும் என்று கட்டமும் கோடுமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினால் போதும், புரோகிராமைக் கோலமே எழுதிவிடும். 1999-இல் அது பெரிய சங்கதி. நாளை எறணாகுளத்தில், ஒரு ஹோட்டலில் வெளியீட்டு விழா.

விற்பனைக்கு முன் சோதித்துப் பார்க்கச் சொல்லி அறுபது பேருக்கு இலவசமாக டிஸ்க் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் வாங்கி வைத்ததோடு சரி. பாலிடெக்னிக் மாணவன் பிரதீஷ் மட்டும் வாரம் ஒரு தப்பாகத் தபாலில் எழுதி அனுப்பினான். மொத்தம் முப்பத்திரண்டு. எல்லாமே பழம் தின்று கொட்டை போட்ட இன்ஜினீயர்கள் கோட்டை விட்டவை. பதில் போடுவது மாதுரியின் வேலை. திருத்திய டிஸ்க்கோடு, 'டியர் பிரதீஷ்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதுவாள். முகம் தெரியாத அந்தப் பையன் மேல் அவளுக்குத் தம்பி மாதிரி ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது.

"உங்க மகன் இல்லாட்டா இந்த விழாவே இல்லை," என்றாள். "முதல் டிஸ்க்கை மேடையில அவன் கையிலதான் கொடுக்கணும்னு சார் சொல்லிட்டார். வேலைக்கு ஆர்டரும் கையோட கொண்டு வந்திருக்கேன்."

உறையை நீட்டினாள். பாலையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர, வாங்கவில்லை.

உள்ளே அவர் மனைவி லக்ஷ்மி விசும்புவது கேட்டது. சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்தாள் மாதுரி. அவளுக்கே கண் கலங்கியது.

மகள் விஜி சாயா கொண்டு வந்தாள். காலேஜில் முதல் வருஷம் படிப்பவள்.

"உங்க அண்ணனை ஒண்ணு கேக்கணும்," என்று அவளைச் சீண்டினாள் மாதுரி. "வாரா வாரம் புது டிஸ்க் அனுப்பறேன். அவன் என்னடான்னா பழசுலயே தப்பு பிடிச்சிண்டிருக்கான். புதுசைப் பிரிச்சே பார்க்கறதில்லையா?"

விஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் வரமாட்டான் மேடம்," என்றார் பாலையா.

மாதுரிக்குச் சுருக்கென்றது. "ஏன், அவனையும் கோர்ப்பரேஷன்லயே சேர்த்துவிடப் போறீங்களா?"

"நான் விடுவேனா? வீட்டுல துடைப்பத்தைக்கூட அவனைத் தொட விட்டதில்ல."

"பின்னே என்ன தடை?"

அவர் வேறொன்று கேட்டார். "நாளைக்கு விழா முடிஞ்சா, அப்புறம் லெட்டர் வருமா மேடம்?"

"எந்த லெட்டர்?"

"செவ்வாய்க்கிழமை வருமே. அவன் பேருக்கு."

மாதுரி சிரித்துவிட்டாள். "சோதனை இன்னையோட முடிஞ்சுது. இனி தப்பும் எழுத வேண்டாம், பதிலும் வராது. வேலைக்கே வரப்போற ஆளுக்கு லெட்டர் எதுக்கு?"

உள்ளே விசும்பல் பெரிதானது. பாலையா தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டார்.

மாதுரிக்குக் கோபம் வந்தது. சீதேவி வாசலில் வந்து நிற்கிறாள், இவர்கள் கதவைச் சாத்துகிறார்களே. பெற்றவர்களே பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே நின்றால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? உறையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

சந்து முனையில் விஜி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, லெட்டரை மட்டும் நிறுத்தாதீங்க. நோட்டுல இன்னும் ஒன்பது தப்பு பாக்கி இருக்கு."

"எந்த நோட்டு?"

"அண்ணனோடது. ஒரே மாசத்துல எல்லாத்தையும் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருந்தான். முதல் லெட்டர் மட்டும்தான் அவன் போட்டது. மத்ததெல்லாம் நோட்டைப் பார்த்து நான் எழுதினது. சீக்கிரம் தீர்ந்துடக் கூடாதுன்னு வாரத்துக்கு ஒண்ணு."

"நீ எதுக்கு எழுதணும்? அவன் எங்கே?"

"போஸ்ட்மேன் சேட்டனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வாசல்ல நின்னு 'பிரதீஷ்'னு சத்தமாக் கூப்பிட்டுத்தான் லெட்டர் தருவாரு. எங்க வீட்டுல இப்ப யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல. அதைக் கேக்கணும்னு அம்மா செவ்வாய்க்கிழமை காலையில இருந்தே வாசல்ல உக்காந்திருக்கும்."

மாதுரி அவள் தோளைப் பிடித்தாள். "அவன் எங்கேன்னு கேட்டேனே, விஜி."

"நீங்க எழுதின முதல் பதில் வந்தது, அண்ணனோட பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு, சேச்சி."