இரவல் கத்தரிச்செடி

அதிகாரியம்மா கத்தரிச்செடியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்திருந்தோம். இப்படிக் குத்துக்காலிட்டு உட்காருவார் என்று யார் கண்டது?

அந்தச் செடி எங்களுடையதல்ல. இங்கே நிற்கும் எந்தச் செடியும் எங்களுடையதல்ல. எல்லாம் மதியம் நாற்றுப்பண்ணை வேனில் வாடகைக்கு வந்தவை. பிளாஸ்டிக் பையோடு அப்படியே குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று என் மனைவி காலையிலேயே சொன்னாள். பூசணிக்கொடியும் ஒன்று வருகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிக்கத் தெம்பில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு ஒரே ஒருநாள் போகவில்லை. அன்றைக்குப் பார்த்து என்னைத் தோட்டச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வருஷமாக, கட்டிடங்களுக்கு நடுவே கிடந்த இந்தக் குப்பைமேட்டில் கண்ணாடிச் சில்லும் செங்கல் துண்டும் பொறுக்குகிறோம். நானும், மாடிவீட்டு நர்சும், லிஃப்ட் ரிப்பேர்காரரும். நின்று யோசனை சொல்லத்தான் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

மாநகராட்சியின் தோட்ட நிதி, விதைக்கிற காலமெல்லாம் போனபிறகு, போன வாரம்தான் வந்து சேர்ந்தது. ஆய்வுத் தேதி மட்டும் அசையவில்லை. போட்ட விதை இன்னும் தலைகாட்டவில்லை. ஆய்வுக்குச் செடி இல்லையென்றால் இடத்தைப் பிடுங்கி, கார் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள்.

அதிகாரியம்மா கைப்பையைத் தரையில் வைத்தார். காலையிலிருந்து தோட்டம் தோட்டமாக அலைந்த முகம். செருப்பில் ஏழெட்டு விதமான சேறு. செடியடியில் விரலை விட்டுக் கிளறினார்.

விரல் எதிலோ தட்டி நின்றது.

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் வானத்தைப் பார்த்தார்.

அந்த அம்மா விரலை வெளியே எடுத்தார். பக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கசக்கி, முகர்ந்து, உதிர்த்தார். பிறகு கிளறிய இடத்தை மூடி உள்ளங்கையால் அழுத்தினார். கல் என்று நினைத்திருப்பார், பிழைத்தோம்.

ஒடிந்த கிளை ஒன்றில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. பண்ணைக்காரர்கள் கட்டியது போலிருக்கிறது. முடிச்சு தளர்ந்து தொங்கியது. அதை அவிழ்த்து, பொறுமையாகத் திரும்பக் கட்டினார்.

"மண்ணை நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார் முழங்காலைப் பிடித்து எழுந்தபடி. "இந்தச் செடிதான் ரொம்பக் களைச்சிருக்கு. இனிமே இங்கயே வேர் விடட்டும்."

இன்னும் சற்று நேரத்தில் வேன் ஏறப்போகிற செடி எங்கே வேர் விடுமாம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். தோட்டம் தேறியது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் வேன்காரர் வந்துவிட்டார். நாளைக்கு இந்தச் செடிகளுக்கு வேறொரு தோட்டத்தில் வேலை. ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றியவர் கத்தரியிடம் வந்ததும் நின்றார்.

"காலையில இன்னொரு தோட்டத்துல இறக்குறப்போ ஒடிஞ்சிருச்சு சார். பாவம், இப்ப வந்துட்டுப் போனாங்களே, அந்தம்மாதான் ஃபைல்லேர்ந்து நாடாவை உருவிக் கட்டிவிட்டாங்க."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழவேண்டும் போலிருந்தது.

மற்றதையெல்லாம் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். இதற்கு விலை தந்துவிடுகிறேன் என்றேன்.

பிறகு அதைக் குழியிலிருந்து தூக்கி, பையைக் கிழித்தேன். திரும்ப நடும்போது நாடா அவிழாமல் பார்த்துக்கொண்டேன்.